பெற்றவர் ஒருவர், எடுத்தவர் ஒருவர்

விசாரணை மன்றத்தின் அறிக்கை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு இலக்கியத் திறனாய்வு செய்வதா என்று கேட்போர் இருக்கக்கூடும். கேட்கட்டும்! காப்பியம் என்றும் கலம்பகம் என்றும் பட்டம் சூட்டப்பட்ட ஏடுகள் எத்தனையோ, பத்துப் பக்கம் புரட்டுவதற்குள் கண்ணைச் சொருகச் செய்கின்றன. 1954-ஆம் ஆண்டு லாகூர் அரசாங்க அச்சகத்திலிருந்து வெளிவந்த 387 பக்க ஏடு ஒன்றோ, எடுத்தவரைக் கீழே வைக்க விடுவதில்லை. எழுதியவர்கள் புலவர்களல்லர், இரண்டு நீதிபதிகள். ஒருவர் முகம்மது முனீர், மற்றவர் கயானி. 1953-ஆம் ஆண்டுப் பஞ்சாப் கலவரங்கள் குறித்த விசாரணை மன்ற அறிக்கை என்பது அதன் அலுவல் பெயர். முனீர் அறிக்கை என்றால்தான் உலகுக்குத் தெரியும்.

அரசியலுக்குள் மதவெறி எந்த வாயில் வழியாக நுழைகிறது, கதவைத் திறந்து விடுவோர் யார், நுழைந்தபின் அது முதலில் யாரைக் கடிக்கிறது, பிறகு யாரைக் கடிக்கிறது என்பவற்றை இத்துணைத் தெளிவாகக் காட்டும் ஏடு வேறொன்றை நாம் கண்டதில்லை. அதன் பெருமையையும் அது சறுக்கிய இடங்களையும் ஒருசேர எடுத்துரைக்க விழைகிறோம்.

நடந்ததை முதலில் கூறிவிடுவோம். பாகிஸ்தான் பிறந்து ஆறாண்டு கூட நிறையாத நேரம். மிர்சா குலாம் அகமது என்பாரைப் பின்பற்றும் அகமதியர் என்ற சிறு பிரிவினர் அந்நாட்டில் இருந்தனர். அவரை நபி எனக் கொள்வது, முகம்மது நபியே இறுதி நபி என்னும் அடிப்படைக்கு மாறானது என்பது ஏனைய முஸ்லிம்களின் கருத்து. அகமதியரோ, நாங்களும் முஸ்லிம்களே என்றனர். மார்க்கத்துக்குள் நடக்கவேண்டிய வாதம் இது. நெடுங்காலமாக நடந்தும் வந்தது. அந்த வாதத்தை அமைச்சரவையின் வாயிலுக்கு இழுத்து வந்த கட்சி, மஜ்லிஸே அஹ்ரார். அகமதியரை முஸ்லிமல்லாத சிறுபான்மையினர் என அரசு அறிவிக்க வேண்டும். அகமதியரான வெளிநாட்டமைச்சர் சபருல்லாகானை விலக்க வேண்டும். உயர் பதவியிலுள்ள மற்ற அகமதியரையும் அகற்ற வேண்டும் — இவை கோரிக்கைகள்.

இந்த அஹ்ரார்கள் யார்? பாகிஸ்தானே வேண்டாம் என்று முழங்கி வந்தவர்கள்! நாடே ஜின்னாவை 'காயிதே ஆசம்' என்று போற்றிய நாளில், 'காஃபிரே ஆசம்' என்று, அதாவது மார்க்க மறுப்பாளரில் மாபெரியவர் என்று, அவர்களுள் ஒருவர் பழித்துரைத்தார். பிரிவினைக்குப் பிறகு அவர்தம் அரசியல் செல்லாக்காசாகிவிட்டது. செல்லாக்காசைச் செல்லும் நாணயமாக்கும் அச்சு ஒன்று தேவைப்பட்டது. மார்க்கத்தைக் காட்டிலும் விரைந்து வேலை செய்யும் அச்சு வேறென்ன உண்டு?

1953 சனவரியில் உலமாக்களின் தூதுக்குழு தலைமை அமைச்சர் நாஜிமுதீனைக் கண்டு, ஒரு திங்கள் கெடு விதித்தது. பிப்ரவரி இறுதியில் தலைவர்கள் கைதாயினர். மார்ச்சு முதல் வாரத்தில் லாகூர் எரிந்தது. காவலர் திருமறையை அவமதித்தனர் என்றொரு வதந்தி ஊரெங்கும் ஓடிற்று. மார்ச்சு 4-ஆம் நாள் வசீர்கான் பள்ளிவாசல் அருகே காவல்துறைத் துணைக் கண்காணிப்பாளர் பிர்தௌஸ் ஷா, கூட்டத்தாரால் வெட்டியும் அடித்தும் கொல்லப்பட்டார். கொல்லப்பட்டவர் அகமதியரல்லர் என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். மார்ச்சு 6-ஆம் நாள் லாகூரில் இராணுவச் சட்டம் வந்தது. நீதிபதிகள் இருவரும் அவ்வாண்டு சூலையில் விசாரணையைத் தொடங்கி, 117 அமர்வுகள் நடத்தி, அடுத்த ஏப்ரலில் ஏட்டை முடித்துவிட்டனர்.

முடித்தார்கள் என்பதே ஒரு செய்தி! நம் நாட்டில், 1992 திசம்பர் 6-ஆம் நாள் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது குறித்து, மூன்று திங்களில் அறிக்கை தருமாறு பணிக்கப்பட்ட லிபரான் ஆணையம், 48 முறை கால நீட்டிப்புப் பெற்று, 2009 சூன் 30-ஆம் நாள் தன் பணியை முடித்தது. பதினேழாண்டுகள்! அதற்குள் குற்றஞ்சாட்டப்பட்டோர் ஆட்சிக்கட்டில் ஏறி இறங்கியும் விட்டனர். லாகூர் நீதிபதிகளுக்கு நாம் தரும் முதற் பாராட்டு, அவர்கள் காலம் கடத்தவில்லை என்பதற்கு.

இனி ஏட்டின் உள்ளே செல்வோம். முல்லாக்களே முழுக் குற்றவாளிகள் என்று எழுதியிருந்தால் படித்த வகுப்பார் கைகொட்டி மகிழ்ந்திருப்பர். அரசியல்வாதிகள் நிம்மதியாக உறங்கியிருப்பர். நீதிபதிகள் அந்த எளிய வழியை நாடவில்லை. மேல்நாட்டுக் கல்வி கற்ற, கோட்டும் சூட்டும் அணிந்த, மதவெறி என்பது சிறிதும் இல்லாத கனவான் ஒருவர்மீது விளக்கைத் திருப்பினர். பஞ்சாபின் முதலமைச்சர் தௌலத்தானாதான் அவர். எழுத்தறியா முதியோருக்குக் கல்வி புகட்டவென ஒதுக்கிய நிதியிலிருந்து, கிளர்ச்சிக்கு நெய் வார்த்த நாளிதழ்களுக்குப் பணம் பாய்ந்தது என்பதை இந்த ஏடு வெளிப்படுத்துகிறது. மாகாணத்தில் தீ மூண்டால் தம் ஆட்சிக்குக் கேடு; தீயைக் கராச்சிப் பக்கம் திருப்பிவிட்டால் மத்திய அரசுக்குக் கேடு. இந்தக் கணக்கைப் போட்டவர் தாடி வளர்த்தவரல்லர், தஸ்பீஹ் உருட்டியவரல்லர். தேர்தல் கணக்கில் தேர்ந்தவர்!

இதனை நீதிபதிகள் ஓர் உருவகமாகவே அமைத்துள்ளனர். ஏட்டின் மிகச் சிறந்த பகுதி அது. கோரிக்கைகளை ஒரு குழந்தையாக்குகிறார்கள். பெற்றவர்கள் அஹ்ரார்கள். தத்தெடுத்துத் தந்தையாக இசைந்தவர்கள் உலமாக்கள். தம் வீட்டில் வளர்ந்தால் தொல்லை என்றுணர்ந்த முதலமைச்சர், கால்வாய் வெட்டி, செய்தித்தாள்களைக் கொண்டு நீர் பாய்ச்சி, மோசஸ் குழந்தையை ஆற்றில் விட்டதுபோல் கராச்சியை நோக்கி மிதக்க விடுகிறார். அங்கே நாஜிமுதீன் அதன் முகத்தில் ஏதோ கொடுமை கண்டு, மடியில் வைக்க மறுத்து வீசியெறிகிறார். குழந்தை உதைத்து அலறிய அலறலில் பிறந்த மாகாணம் பற்றி எரிகிறது. முதலமைச்சரும் தலைமை அமைச்சரும் பதவியிழக்கின்றனர். அந்தக் குழந்தை சாகவில்லை, எடுத்துக்கொள்ள ஒருவர் வரும்வரை காத்துக் கிடக்கிறது என்று கூறி நிறுத்துகிறார்கள். அறிக்கை எழுதும் அலுவலர் கையில் இந்த நகைச்சுவை எப்படி வந்தது! குருதியைக் கண்டு நெஞ்சு கனத்த இருவர், அழுதுகொண்டே சிரித்தார்கள் என்றே நாம் கருதுகிறோம்.

அடுத்து வருவது, உலகப்புகழ் பெற்ற அந்தக் கேள்வி. ஒரு கூட்டத்தாரை முஸ்லிமல்லாதார் என்று அறிவிக்குமாறு அரசைக் கேட்கிறீர்களே, அப்படியானால் முஸ்லிம் என்பவர் யார்? குறைந்த அளவு எவை இருந்தால் ஒருவர் முஸ்லிம் ஆவார்? நாட்டின் தலைசிறந்த ஆலிம்களிடம், ஒருவர் பின் ஒருவராக, இதனைக் கேட்டார்கள். தொழிலில் பழுத்த கொல்லனிடம் இரும்பு எது என்று கேட்பது போன்ற கேள்வி. விடை சட்டென வரவேண்டாமா? ஒருவர் ஐந்து கூறினார். மற்றவர் அவற்றுள் சிலவற்றை விட்டுப் புதியன சேர்த்தார். மௌலானா இஸ்லாஹி, முஸ்லிம்களில் அரசியல் முஸ்லிம் என்றும் உண்மை முஸ்லிம் என்றும் இருவகை உண்டு எனப் பிரித்துப் பட்டியல் போட்டார். சிந்திக்க அவகாசம் கேட்டவரும் உண்டு. இருவர் விடை ஒத்து வந்ததாக இல்லை. நீதிபதிகள் அமைதியாக எழுதுகிறார்கள்: நாங்களே ஒரு விளக்கம் கூறி, அது இவர்களிடமிருந்து வேறுபடுமானால், இவர்கள் அனைவரும் சேர்ந்து எங்களை மார்க்கத்துக்குப் புறம்பாக்குவர், இவர்களுள் ஒருவர் விளக்கத்தை ஏற்போமானால், அவருக்கு மட்டும் முஸ்லிம்களாகவும் மற்ற அனைவருக்கும் காஃபிர்களாகவும் ஆவோம்.

இதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். வடகலையா தென்கலையா என்று நாமம் காக்க நீதிமன்றப் படிகளைத் தேய்த்தவர்களைக் கண்ட தமிழருக்குச் சிரிப்பு வராமலா இருக்கும்? ஆனால் அடுத்த படியில் சிரிப்பு உறைந்துவிடுகிறது. மார்க்கத்தை விட்டு விலகியவனுக்குத் தண்டனை மரணம் என்பதில் மட்டும் ஆலிம்கள் ஒன்றுபட்டிருந்தனர். ஒரு பிரிவு மறு பிரிவைக் காஃபிர் என்று அறிவித்த பத்வாக்களோ நீதிபதிகள் முன் குவிந்து கிடந்தன. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இன்று ஒரு பிரிவின் தலைவர் அரசுத் தலைவரானால் மறு பிரிவார் கழுத்துக்குக் கயிறு. நாளை மாறினால் கயிறும் மாறும். அகமதியரை வெளியேற்றக் கூடிய கூட்டணியிலேயே ஒருவர் மற்றவரை வெளியேற்றும் ஓலை, சட்டைப் பையில் இருந்தது! மதச் சகிப்பு என்பது பெரும்பான்மையோர் சிறுபான்மையோருக்குப் போடும் பிச்சை என்று எண்ணுவோர் இந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்கவேண்டும். அந்தப் பெரும்பான்மை என்பதே, யார் யார் வெளியே என்று அரசு எழுதத் தொடங்காதவரை நீடிக்கும் ஒரு கூட்டு. எழுதத் தொடங்கிய நாளிலிருந்து அது கரையத் தொடங்கும்.

கடவுளையே ஏற்காத பகுத்தறிவாளர் சிலர் நம்மிடம் கூறுவதுண்டு: எந்த முஸ்லிம் சரியான முஸ்லிம், எந்த இந்து சரியான இந்து என்ற வழக்கில் நமக்கென்ன வேலை, மோதிக்கொள்ளட்டும் என்று. நாம் உடன்படவில்லை. ஒருவரின் நம்பிக்கையைக் கேள்விக்குட்படுத்துவது நம் உரிமை. அதை மேடையேறிச் செய்வோம், எழுதிச் செய்வோம். அவருடைய நம்பிக்கைக்குப் பெயர் சூட்டும் உரிமையை அரசாங்க எழுத்தர் கையில் கொடுப்பது வேறு. அந்த எழுத்தர் பேரேட்டில் நம்பாதவனுக்கு எந்தப் பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கும் என்று ஐயுறவா வேண்டும்?

தமிழ்நாட்டார் குறித்துக்கொள்ள வேண்டிய ஓரிடம் இந்த ஏட்டில் உண்டு. நீதிபதிகள் ஆலிம்களை நோக்கி, நீங்கள் இங்கே மார்க்க அரசு அமைத்து, முஸ்லிமல்லாதார்க்கு முழுக் குடியுரிமை இல்லை என்பீராயின், எல்லைக்கு அப்பால் இந்துக்கள் இந்து அரசு அமைத்து, மனுவின் சட்டப்படி, அங்குள்ள முஸ்லிம்களைச் சூத்திரராகவும் மிலேச்சராகவும் நடத்தினால் ஒப்புவீரா என்று கேட்டார்கள். மௌதூதி தயங்கவில்லை. ஒப்புவேன், மறுப்பில்லை, ஆட்சியில் பங்கும் குடியுரிமையும் பறிக்கப்பட்டாலும் மறுப்பில்லை என்ற கருத்தில் விடையிறுத்தார்! மனுவை எரிக்கவேண்டும் என்ற இயக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். இந்த விடையின் பொருள் நமக்கு அகராதி பாராமலே விளங்கும். லாகூரில் அமர்ந்து, கோடிக்கணக்கான இந்திய முஸ்லிம்களின் வாழ்வை ஒரு சொல்லில் மனுவின் காலடியில் வைக்கிறார் ஒருவர். அவர்களைக் கேட்டாரா? அதற்கு ஐந்தாண்டு முன்னதாக, 1948 மார்ச்சு 10-ஆம் நாள், சென்னையில் கூடி, இந்த மண்ணிலேயே குடிமக்களாக வாழ்ந்து உரிமை கோருவோம் என்று இயக்கம் கண்ட காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிபைக் கேட்டாரா? இரு பக்கத்து மதவெறியரும் ஒருவரையொருவர் பகைவர் என்பர். வாக்குமூலத்தைப் படித்தால், ஒருவர் மற்றவருக்கு எழுதிக் கொடுத்த உரிமைப் பத்திரமாக அன்றோ இருக்கிறது!

பாராட்டு இம்மட்டில் நிற்கட்டும். குறைகளும் உள.

ஜின்னா மக்களாட்சியையே விரும்பினார் என்று காட்ட, அவர் பிரிவினைக்கு முன் செய்தியாளர் ஒருவருக்கு அளித்ததாகக் கூறும் பேட்டியை நீதிபதிகள் மேற்கோள் காட்டுகின்றனர். அந்தச் சொற்கள் ஜின்னாவினுடையவை அல்ல என்று சலீனா கரீம் என்ற ஆய்வாளர் பின்னாளில் எடுத்துக்காட்டினார். நல்ல கட்சிக்கு நொய்ந்த சான்று! தேவையும் இல்லை. மதம் எதுவாயினும் அதற்கும் அரசின் அலுவலுக்கும் தொடர்பில்லை என்று, 1947 ஆகஸ்டு 11-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையிலேயே ஜின்னா பேசிய பேச்சு, எவரும் மறுக்கவொண்ணாதபடி இருக்கவே இருக்கிறது.

பெரிய குறை வேறு. நெடிய ஏட்டின் முடிவில், இதனைச் சட்டம் ஒழுங்குச் சிக்கலாக மட்டும் கருதியிருந்தால், ஒரு மாவட்ட ஆட்சியரும் ஒரு காவல் கண்காணிப்பாளருமே அடக்கியிருக்க முடியும் என்ற கருத்துக்கு நீதிபதிகள் வந்து சேர்கின்றனர். நமக்கு வியப்பாக இருக்கிறது. கூட்டத்தைத் தடியால் கலைக்கலாம், உண்மை. 1949 மார்ச்சு 12-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை நிறைவேற்றிய குறிக்கோள் தீர்மானத்தை எந்தக் காவல் கண்காணிப்பாளர் கலைப்பார்? இறைமை இறைவனுக்கே உரியது என்று அரசின் அடித்தளத்தில் எழுதிவிட்டால், இறைவன் சார்பில் பேசுவோர் வந்து பங்கு கேட்பது இயல்பன்றோ? சபையில் சிரீஷ் சந்திர சட்டோபாத்தியாயா போன்ற வங்கத்து உறுப்பினர்கள் அன்றே எதிர்த்தனர். எதிர்ப்பை மறுத்துத் தீர்மானத்தை ஆதரித்துப் பேசியோரில் ஒருவர் யார் தெரியுமா? சபருல்லாகான்! நாலாண்டு கழித்து அவரை விலக்கு என்ற கூச்சலோடு ஊர்வலம் வந்தது.

இன்னொன்று. கொல்லப்பட்ட அகமதியர், எரிக்கப்பட்ட வீடுகள் எல்லாம் நாள்வாரிக் குறிப்பில் வந்து மறைகின்றன. அமைச்சர்களின் கடிதங்களுக்குப் பல பக்கம். மாண்டவர்க்குச் சில வரி. இராணுவ ஆட்சி நடத்திய முறையும் விசாரணை வரம்புக்குள் வரவில்லை. அந்த ஆட்சியின் மன்றம், துண்டுநூல் எழுதிய மௌதூதிக்குத் தூக்குத் தண்டனை விதித்தது, பிறகு குறைத்தது. அவர் கருத்தை நாம் எள்ளளவும் ஏற்கவில்லை. நூல் எழுதியவனைத் தூக்கிலிடுவதையும் ஏற்கவில்லை. அவருக்கு மறுக்கப்படும் பொறை, நாளை யாருக்குக் கிடைக்கும்?

ஏட்டை எழுதிய இருவரின் பிற்கால வாழ்வும் திறனாய்வில் இடம் பெறத்தக்கது. முனீர் தலைமை நீதிபதியானார். 1955-இல் அரசியல் நிர்ணய சபையைக் கலைத்த கவர்னர் ஜெனரலின் செயலுக்கு வழி விட்டார். 1958-இல் தோசோ வழக்கில் இராணுவப் புரட்சிக்கே சட்ட மாலை சூட்டினார். 1962-இல் அயூப்கானின் சட்ட அமைச்சரும் ஆனார். மார்க்கத்தின் பெயரால் மக்களாட்சியை விழுங்க வந்தவரை இனங்கண்ட கண், சீருடையில் வந்தவரைக் காணவில்லை. கயானியோ, மேற்குப் பாகிஸ்தான் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்துகொண்டே, அயூப் ஆட்சியை நகைச்சுவைப் பேச்சுகளால் குத்திக் காட்டி வந்தார், 1962-இல் மறைந்தார். அந்தக் குழந்தை உருவகம் எவர் பேனாவில் பிறந்தது என்று ஏடு கூறவில்லை. கயானியின் பேச்சுகளைப் படித்தவர்கள் ஊகித்துக்கொள்ளட்டும்.

காத்துக் கிடந்த குழந்தையை எடுத்தவர் எவர்? மௌலானா எவரும் அல்லர். பெர்க்கிலியிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்த, சமதர்மம் பேசிய, சுல்பிகர் அலி பூட்டோ! 1974 மே இறுதியில் ராப்வா இரயில் நிலையத்தில் மூண்ட மோதலைத் தொடர்ந்து நாடெங்கும் கலவரம். செப்டம்பர் 7-ஆம் நாள் அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம். அகமதியர் முஸ்லிமல்லாதார் ஆயினர். இரு நீதிபதிகள் விடை கூற மறுத்த கேள்விக்கு நாடாளுமன்றம் கைதூக்கி விடை கூறிற்று. எடுத்து முத்தமிட்டவரை அது காக்கவில்லை. 1977-இல் பூட்டோவைக் கவிழ்த்த தளபதி ஜியா, 1979-இல் அவரைத் தூக்கிலிட்டார். 1984-இல் அவசரச் சட்டம் ஒன்று பிறப்பித்து, அகமதியர் தம் தொழுகையிடத்தைப் பள்ளிவாசல் என்றழைத்தாலே மூன்றாண்டு வரை சிறை என்றார். 2010 மே 28-ஆம் நாள் அதே லாகூரில், தொழுகை நேரத்தில், அகமதியரின் இரு தொழுகையிடங்களில் துப்பாக்கியும் குண்டும் எண்பதுக்கு மேற்பட்டோரை மாய்த்தன.

1953-இல் லாகூர் எரிந்தபோது, அங்கே அரசினர் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தார் அப்துஸ் சலாம் என்ற இளைஞர். அகமதியர். அடுத்த ஆண்டே கேம்பிரிட்சு சென்றுவிட்டார். 1979-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். 1996-இல் மறைந்த அவரை ராப்வாவில் அடக்கம் செய்தனர். நோபல் பரிசு பெற்ற முதல் முஸ்லிம் என்று கல்லறையில் பொறித்திருந்தனர். சட்டம் வந்து 'முஸ்லிம்' என்ற சொல்லை அழித்தது. அச்சொல் இருந்த இடம் வெறுமையாக, முதல் நோபல் பரிசாளர் என்று மட்டும் படிக்கும்படி, அந்தக் கல் நின்றது.